கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து சிறுநீர் ட்யூபோடு வீட்டுக்கு வந்தவர்: எப்போது, எப்படி எடுப்பது?

பிஎச்சி_நர்ஸ்:

வணக்கம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நோயாளி ஒருவரைப் பற்றிய கேள்வி. வயது 47. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஸ்டேஜ் 1பி2. வயிற்றைத் திறந்து ரேடிகல் ஹிஸ்டரெக்டமி (கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள திசுவோடு எடுப்பது) செய்து, இரண்டு பக்கமும் நிணநீர் கணுக்களை எடுத்திருக்கிறார்கள். இன்று 12ஆம் நாள். தையல் பிரித்தாயிற்று, காய்ச்சல் இல்லை. 14 சைஸ் சிலிக்கோன் ஃபோலி கதீட்டரும் (பலூன் வைத்த சிறுநீர் ட்யூப்) யூரின் பேகும் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் சம்மரியில் “2 வாரம் கழித்து கதீட்டரை எடுத்து மீதி நீர் பார்க்கவும், 100 மில்லிக்குக் கீழ் இருக்க வேண்டும்” என்று ஒரே வரி.

சாதாரண ஹிஸ்டரெக்டமிக்கு மறுநாளே ட்யூப் எடுத்துவிடுகிறோமே, இவருக்கு ஏன் இத்தனை நாள்? எங்களிடம் பிளாடர் ஸ்கேனர் கிடையாது. மீதி நீரை, அதாவது சிறுநீர் போன பிறகும் சிறுநீர்ப்பையில் தங்குவதை, எப்படி அளப்பது? எடுப்பதற்கு முன் இரண்டு நாள் ட்யூபை கிளாம்ப் (இறுக்கி மூடும் கிளிப்) போட்டுப் போட்டுத் திறந்து “பழக்க” வேண்டும் என்கிறார் உடன் வேலை செய்பவர். அது தேவையா?

இன்னொன்று. இரண்டு நாளாகத் தண்ணீர் மாதிரி வெள்ளைப்படுகிறது என்கிறார். ஒரு நாளைக்கு மூன்று பேட் மாற்றுகிறாராம்.

---

கைனி_ஆங்கோ_வார்டு:

கடைசியாகச் சொன்னதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் சிஸ்டர். அது தெரியும்வரை ட்யூபில் கை வைக்காதீர்கள்.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு யோனி வழியாக வருவது மூன்றில் ஒன்றாக இருக்கும். பழுப்பாக, லேசான ரத்தக் கலப்போடு வந்தால் தையல் ஆறுகிற கசிவு. நாலு முதல் ஆறு வாரம் வரை வரலாம், கவலையில்லை. வைக்கோல் நிறத்தில் தெளிவாக வந்தால் நிணநீராக இருக்கலாம். தண்ணீராக, மூத்திர வாடையோடு, நடக்கும்போதும் படுத்திருக்கும்போதும் விடாமல் கசிந்தால் ஃபிஸ்டுலா, அதாவது ஓட்டை வழியாக யோனிக்குள் மூத்திரம் கசிவது. சிறுநீர்ப்பையிலோ, சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் சிறுநீர்க் குழாயிலோ ரத்த ஓட்டம் குறைந்த இடம் மெல்ல அழுகி ஓட்டை விழ ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால் இது வார்டில் தெரியாது. நல்லபடியாக வீட்டுக்குப் போன பிறகு, 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாளுக்குள், இப்போது நீங்கள் இருக்கிற அதே நாட்களில்தான் தலைகாட்டும். வீட்டில் இதை “வெள்ளைப்படுது” என்றுதான் சொல்வார்கள்.

நீங்கள் இன்றே செய்யக்கூடியது: பேட் ஒன்றை முகர்ந்து பாருங்கள். யூரின் பேகில் 24 மணி நேரத்தில் எவ்வளவு சேர்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். முன்பு 1800 வந்தது இப்போது 1100 தான் வருகிறது, குடிக்கிற தண்ணீர் குறையவில்லை என்றால் மிச்சம் வேறு வழியாகப் போகிறது என்று அர்த்தம். ட்யூபைச் சுற்றி மூத்திரத் துவாரத்திலிருந்து கசிகிறதா, கீழே யோனியிலிருந்து வருகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். துவாரத்திலிருந்து என்றால் ட்யூப் மடிந்திருக்கலாம், அடைத்திருக்கலாம், மலச்சிக்கல் அழுத்தலாம். யோனிக்குள் விரலோ ஸ்பெகுலமோ (விரித்துப் பார்க்கும் கருவி) விடாதீர்கள். உள்ளே இருக்கும் தையல் இன்னும் பச்சை.

யோனியிலிருந்துதான் என்றால் டாக்டரிடம் சொல்லி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். கசிவில் கொஞ்சம் சேகரித்துக் கிரியேட்டினின் (சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள்) பார்த்தால் போதும். ரத்தத்தில் இருக்கும் அளவே இருந்தால் நிணநீர், பல மடங்கு இருந்தால் மூத்திரம். மூன்று பஞ்சு டெஸ்டும் செய்வார்கள். யோனியில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று பஞ்சு வைத்து, மெத்திலின் ப்ளூ என்ற நீலச் சாயம் கலந்த சலைன் 200 மில்லியைக் கதீட்டர் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விட்டு, பத்து பதினைந்து நிமிடம் நடக்கவிட்டு ஒவ்வொன்றாக எடுப்பது. மேலேயோ நடுவிலோ உள்ளது நீலமானால் பையில் ஓட்டை. மேல் பஞ்சு நனைந்திருக்கிறது, ஆனால் நீலமில்லை என்றால் சிறுநீர்க் குழாயில் ஓட்டை. கீழ்ப் பஞ்சு மட்டும் நீலம் என்றால் ட்யூபைச் சுற்றிக் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பையில் சின்ன ஓட்டை என்றால் ட்யூபைத் தொடர்ந்து வைத்துப் பையைக் காலியாக வைத்திருந்தாலே சில சமயம் தானாக மூடிக்கொள்ளும். இந்த நிலையில் “2 வாரம் ஆச்சு” என்று ட்யூபை உருவிவிட்டால் அந்த வாய்ப்பையும் கெடுத்துவிடுவோம்.

---

நரம்பும்_நீரும்:

ஏன் இத்தனை நாள் என்ற கேள்விக்கு. சாதாரண ஹிஸ்டரெக்டமியில் கர்ப்பப்பையை ஒட்டியே வெட்டுவார்கள். ரேடிகலில் கர்ப்பப்பையோடு பக்கவாட்டுத் திசு, பின்னால் சேக்ரத்துக்கு (முதுகெலும்பின் அடி எலும்பு) போகும் தசைநார், யோனியின் மேல்பகுதி எல்லாம் சேர்ந்து வரும். சிறுநீர்ப்பைக்குப் போகிற நரம்புகள் அந்தத் திசுவுக்குள்தான் ஓடுகின்றன. தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் எஸ்2 முதல் எஸ்4 வரையிலிருந்து வரும் நரம்பு பையைச் சுருக்கி நீரைத் தள்ளுவது. அது அறுபட்டாலோ இழுபட்டாலோ பை தளர்ந்துவிடும். நரம்பைக் காப்பாற்றி ஆபரேஷன் செய்தாலும் வீக்கம் வடிய நாளாகும்.

தள்ளும் சக்தி போவது பாதிக் கதைதான். “நீர் முட்டுது” என்கிற உணர்வும் போய்விடுகிறது. 600 மில்லி நிறைந்த பையோடு நோயாளி நிம்மதியாக டிவி பார்த்துக்கொண்டிருப்பார். நிறைந்து வழிகிறபோது இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை 40, 50 மில்லி போகும். “அடிக்கடி போகுது சிஸ்டர், நல்லாத்தான் போகுது” என்பார். நாமும் சந்தோஷமாக எழுதிவிட்டு வருவோம். வாய்வார்த்தையை நம்பாமல் ஜாடியில் அளந்தே தீர வேண்டும் என்பது இதனால்தான். ஒரு தடவை 800, 900 என்று விரிந்து தொங்கிய பையின் தசை பழைய நிலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும்.

இதே காரணத்தால் யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தாலும் எரிச்சல் தெரியாமல் போகலாம். “எரியுதா” என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, திடீரென்று நீர் கலங்குவது, இதையெல்லாம் பாருங்கள். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) எடுப்பதானால் ட்யூபில் உள்ள சாம்பிள் போர்ட்டைத் துடைத்து சிரிஞ்சால் எடுங்கள். பேகிலிருந்து எடுத்தால் ரிப்போர்ட்டில் கிருமி பெரும்பாலும் இருக்கும், ஆனால் அது பேகில் வளர்ந்த கிருமி. காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாதபோது ட்யூப் இருக்கிறவருக்குச் சும்மா கல்ச்சர் அனுப்புவதும், வந்த கிருமிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதுவதும் வேண்டாத வேலை.

---

பழைய_ஸ்கூல்:

கிளாம்ப் போடுவதை நாங்கள் எல்லாருக்கும் செய்வோம். 2 மணி நேரம் மூடி, 5 நிமிடம் திறந்து, இரண்டு நாள். பை பழகிக்கொள்ளும். பகலில் மட்டும், ராத்திரி திறந்துவிடுவோம்.

---

நரம்பும்_நீரும்:

பழக்கம் பரவலாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கிளாம்ப் போட்டு எடுத்தவர்களுக்கு, நேராக எடுத்தவர்களைவிட நீர் நன்றாகப் பிரிந்தது என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை. இந்த நோயாளிக்கு ஆபத்து அதிகம். சாதாரண நோயாளிக்கு கிளாம்பைத் திறக்க மறந்தால் “வயிறு முட்டுது” என்று அவரே சத்தம் போடுவார். இவருக்கு உணர்வே இல்லை. வார்டில் நர்ஸ் மறந்தாலே கஷ்டம், வீட்டில் மருமகள் மறந்தால் கேட்கவா வேண்டும்? போதாக்குறைக்குக் கசிவு சந்தேகம் வேறு இருக்கிறது. ஓட்டை இருக்கலாம் என்கிற பையை நிறைத்து வைக்கக் கூடாது. ஆபரேஷன் செய்த யூனிட் எழுத்தில் சொன்னால் ஒழிய வேண்டாம்.

---

பழைய_ஸ்கூல்:

உணர்வு இல்லை என்கிற பாயிண்ட் சரி. வீட்டு நோயாளிக்கு வேண்டாம், ஒத்துக்கொள்கிறேன்.

---

கைனி_ஆங்கோ_வார்டு:

கசிவு மூத்திரம் இல்லை என்று முடிவான பிறகு ட்யூப் எடுக்கும் முறையைச் சொல்கிறேன். ஸ்கேனர் இல்லாத இடத்தில் சிறுநீர்ப்பையைச் சலைனால் நிறைத்துவிட்டு ட்யூபை எடுப்பதுதான் சுலபம். அரை மணி நேரத்தில் பதில் தெரிந்துவிடும். வீட்டில் வேண்டாம், டாக்டர் இருக்கிற நாளில் பிஎச்சிக்கு வரச் சொல்லுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்கே ஆரம்பியுங்கள். சாயங்காலம் எடுத்தால் நீர் பிரியாமல் போவது நடுராத்திரியில்தான் தெரியும்.

அதற்கு முன் சம்மரியின் ஆபரேஷன் குறிப்பைக் கடைசி வரிவரை படியுங்கள். பையில் காயம் பட்டுத் தைத்ததாக இருந்தால் இந்த 2 வாரக் கணக்கு செல்லாது; அவர்களைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. முந்தின நாள் மலம் போயிருக்கிறதா என்றும் கேளுங்கள். மலக்குடல் கெட்டியாக நிறைந்திருந்தால் நல்ல பைகூட நீரை விடாது. மலமிளக்கி லாக்டுலோஸ் 15 மில்லி ராத்திரியில் கொடுத்தால் போதும், முக்கக் கூடாது.

பேகில் வடிந்து சிறுநீர்ப்பை காலியானதும், கை கழுவி ஸ்டெரைல் கிளவ்ஸ் போட்டு, ட்யூபும் பேகும் சேரும் இடத்தை ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்துக் கழற்றுங்கள். 50 மில்லி சிரிஞ்ச், முனை கதீட்டரில் பொருந்துகிற வகை. பிஸ்டனை எடுத்துவிட்டு வெறும் குழலைச் செருகி, அறை வெப்பநிலையில் உள்ள நார்மல் சலைனை ஊற்றித் தானாக இறங்க விடுங்கள். பிஸ்டனால் தள்ளக் கூடாது. குழலை அடிவயிற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் போதும். 50 வீதம் ஆறு தடவை, 300 மில்லி. நடுவில் வலித்தாலோ, “வருது” என்றாலோ, குழலில் சலைன் இறங்காமல் நின்றாலோ நிறுத்தி, எவ்வளவு போனது என்று எழுதுங்கள். ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னாலும் 300க்கு மேல் வேண்டாம்.

ட்யூபை மடித்துப் பிடித்துக்கொண்டு பலூனுக்கு வாருங்கள். 10 மில்லி சிரிஞ்சைப் பொருத்தினால் தண்ணீர் தானாகவே ஏறும். வெடுக்கென்று இழுத்தால் பலூன் சுருங்கி ஓரம் மடிந்து நிற்கும், எடுக்கும்போது அது உரசும். போட்டது எத்தனை மில்லி என்று பார்த்து, அத்தனையும் வந்ததா என்று எண்ணுங்கள். வரவில்லை என்றால் 2 மில்லி உள்ளே தள்ளி மறுபடி விட்டுப் பாருங்கள், அப்போதும் வராவிட்டால் டாக்டர். கத்தரியால் ட்யூபை வெட்டும் வேலை வேண்டவே வேண்டாம். மூச்சை விடச் சொல்லி மெதுவாக எடுத்து, முனை முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உடனே டாய்லெட். கம்மோடில் உட்கார்ந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி, முன்பக்கம் குனிந்து, அளவு ஜாடியில் போக வேண்டும். கதவைச் சாத்தி ஆளைத் தனியாக விடுங்கள்; கூட்டத்துக்கு நடுவே யாருக்கும் நீர் இறங்காது. முடிந்ததும் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி உட்காரச் சொல்லுங்கள். இரண்டையும் கூட்டி எழுதுங்கள். 300 விட்டதில் 200 அல்லது அதற்கு மேல் வந்தால் பாஸ்.

ஆனால் அது முதல் படிதான். அன்றே நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் இன்னொரு தடவை போகவிட்டு, பத்து நிமிடத்துக்குள் 12 சைஸ் சாதா கதீட்டரை விட்டு மீதியை எடுத்து அளங்கள். அடுத்தடுத்து இரண்டு தடவை 100க்குக் கீழ் என்றால்தான் ட்யூப் இல்லாமல் வீட்டுக்கு. மறுபடி கதீட்டர் விட மனசில்லை என்றால் பக்கத்து ஸ்கேன் சென்டரில் பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் வாங்கி, பெருக்கி 0.52ஆல் பெருக்குங்கள். 8, 7, 6 என்று வந்தால் ஏறக்குறைய 175 மில்லி. ஸ்கேன் சென்டர்காரர்கள் “தண்ணி குடிச்சிட்டு வாங்க” என்று பையை நிறைத்து எடுத்துவிடுவார்கள். நீர் போன பிறகு எடுக்க வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி அனுப்புங்கள்.

வீட்டில் கடிகாரம் பார்த்து 3 மணிக்கு ஒரு தடவை, முட்டினாலும் முட்டாவிட்டாலும். ராத்திரி ஒரு தடவை அலாரம். நாளைக்கு 2 முதல் 2.5 லிட்டர் தண்ணீர், பரவலாக. 6 மணி நேரம் ஒன்றும் பிரியவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

---

பிஎச்சி_நர்ஸ்:

மாவட்ட மருத்துவமனையில் பார்த்துவிட்டார்கள். பஞ்சு எதுவும் நீலமாகவில்லை, கசிவின் கிரியேட்டினின் ரத்த அளவேதான். நிணநீர், தானாகக் குறையும் என்றார்கள். இன்று 16ஆம் நாள், டாக்டர் சொல்லி நீங்கள் எழுதியபடியே செய்தோம். 300 விட்டதில் 140தான் வந்தது, இரண்டு தடவையும் சேர்த்து. அவர் “எல்லாம் போயிடுச்சு” என்கிறார். இப்போது?

இடது கால் கொஞ்சம் கனமாக இருப்பதாகவும் சொல்கிறார். வீட்டில் எண்ணெய் தேய்த்து உருவிவிடலாமா என்று கேட்கிறார்கள்.

---

நரம்பும்_நீரும்:

அந்த இடது காலை முதலில் பாருங்கள், உருவக் கூடாது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி இரண்டு காலையும் டேப்பால் அளங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தாலோ, கெண்டைச் சதையை அழுத்தினால் வலித்தாலோ, இன்றே டாப்ளர் ஸ்கேன் (ரத்தக் குழாயில் ஓட்டத்தைப் பார்ப்பது). இடுப்புப் பகுதியில் புற்றுநோய் ஆபரேஷன் என்றால் ரத்தம் உறையும் ஆபத்து வீட்டுக்கு வந்த பிறகும் இருக்கிறது. அதற்காகத்தான் ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சாபரின் ஊசி 40 மில்லிகிராம் தினம் ஒன்று, 28 நாள் வரை எழுதுகிறார்கள். சம்மரியில் இருக்கிறதா, போட்டுக்கொள்கிறாரா என்று மருந்துப் பையைத் திறந்து பாருங்கள். “ஊசி தீர்ந்துடுச்சு” என்று பத்தாம் நாளே நிறுத்தியிருப்பார்கள். தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, சிரிஞ்சில் உள்ள காற்றுக் குமிழியை வெளியேற்றாமல் போட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. கணுக்கள் எடுத்ததால் வரும் வீக்கம் பெரும்பாலும் மாதங்கள் கழித்துத்தான் வரும், வலியில்லாமல் வரும். மூன்றாவது வாரத்தில் ஒரு கால் மட்டும் கனத்தால் அதை நிணநீர் வீக்கம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது.

140 என்றால் மீதி 160. சரியாக வரவில்லை, ஆனால் இது தோல்வியும் இல்லை. மூன்றாவது வாரத்தில் இப்படி வருவது சகஜம். இரண்டு வழி. ட்யூபைப் போட்டு இன்னும் ஒன்று இரண்டு வாரம் கழித்துப் பார்ப்பது. அல்லது அவரே நேரத்துக்கு நேரம் கதீட்டர் விட்டு எடுத்துக்கொள்வது. எழுத்து தெரிந்தவர், கை நடுங்காதவர், வீட்டில் கதவுள்ள டாய்லெட் இருக்கிறது என்றால் என் ஓட்டு இரண்டாவதற்கு. இன்ஃபெக்‌ஷன் குறைவு, பேகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம், பையும் நிறைந்து காலியாகி வேலை செய்யும். ஆபரேஷன் செய்த இடத்தில் போனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுக்கும்போது முதலில் தானாகப் போகவிட்டு அளக்க வேண்டும், பிறகுதான் கதீட்டர். சோப்புப் போட்டுக் கை கழுவி, முன்னிருந்து பின்னாகத் துடைத்து, காலை அகற்றி உட்கார்ந்து எதிரே கண்ணாடி. 12 சைஸ், முனையில் ஜெல்லி. பெண்களுக்குப் பாதை நாலு சென்டிமீட்டர்தான். நீர் வந்ததும் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே, அவ்வளவே. நின்றதும் மெதுவாக வெளியே இழுத்தால் நடுவில் மறுபடி வரும், அங்கே நிறுத்த வேண்டும். அடியில் தங்கியிருக்கிற அந்தக் கொஞ்சம்தான் கிருமி வளர இடம். தவறி யோனிக்குள் போய்விட்டால் தள்ளக் கூடாது, மேலே தையல் இருக்கிறது. அதை அங்கேயே அடையாளமாக விட்டுவிட்டு, புதுசு ஒன்றை எடுத்து அதற்கு மேலே உள்ள துவாரத்தில் விட்டால் சரியாகப் போகும்.

முதலில் நாளைக்கு நாலு தடவை. தானாகப் போனது, கதீட்டரில் வந்தது இரண்டையும் கூட்டினால் ஒரு தடவைக்கு 400ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும். மீதி குறையக் குறைய மூன்று, இரண்டு, ராத்திரி மட்டும் என்று இறக்கி, தொடர்ந்து 100க்குக் கீழ் வந்ததும் விட்டுவிடலாம். நோட்டில் நாலு கட்டம் போதும்: மணி, தானாகப் போனது, மீதி, குறிப்பு.

---

கைனி_ஆங்கோ_வார்டு:

பேத்தாலஜி ரிப்போர்ட் (எடுத்த திசுவின் பரிசோதனை முடிவு) வந்துவிட்டதா என்று கேளுங்கள். கணுவிலோ, வெட்டின ஓரத்திலோ, பக்கவாட்டுத் திசுவிலோ நோய் இருந்தால் கதிர்வீச்சும் வாரம் ஒரு சிஸ்பிளாட்டினும் (கீமோ மருந்து) வேண்டியிருக்கும். “ட்யூப் எடுத்துட்டுப் போகலாம்” என்று தள்ளிப்போடுகிறவர்கள் உண்டு, ட்யூபோடும் போகலாம். கதிர்வீச்சின்போது குடல் மேலே தள்ளி நிற்கப் பையை நிறைத்து வைக்கச் சொல்வார்கள், அதனால் மீதி நீர் நோட்டை அங்கே காட்ட வேண்டும். சிஸ்பிளாட்டினுக்கு முன் கிட்னி நன்றாக இருக்க வேண்டும், நீர் தேங்கினால் அதுவும் கெடும்.

சூலகத்தையும் எடுத்திருந்தால் உடம்பு குப்பென்று சுடுவது, தூக்கமின்மை எல்லாம் இந்த வாரங்களில் ஆரம்பிக்கும். அவராகச் சொல்ல மாட்டார், கேளுங்கள். தாம்பத்தியம் தையல் ஆறியதை டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். “என்னால அவருக்குப் புற்றுநோய் ஒட்டிக்குமா” என்ற பயம் பலருக்கு உண்டு. ஒட்டாது என்று கணவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

ஒரு கேள்வி. ஆபரேஷன் குறிப்பில் டிஜே ஸ்டென்ட் என்று ஏதாவது இருக்கிறதா? சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவே உள்ளே இருக்கிற குழாய், வெளியே தெரியாது, பல நோயாளிகளுக்கு அது இருப்பதே தெரியாது. தேதி தப்பி மாதக்கணக்கில் இருந்துவிட்டால் கல் கட்டிக்கொள்ளும், எடுப்பது பெரிய வேலையாகிவிடும்.

---

பிஎச்சி_நர்ஸ்:

கால் அளந்தேன், வித்தியாசம் 3.5 செ.மீ. ஊசி 11ஆம் நாளோடு நின்றிருக்கிறது. டாக்டரிடம் சொல்லி 108இல் டாப்ளருக்கு அனுப்பியாகிவிட்டது, கதீட்டர் விஷயம் அங்கிருந்து வந்த பிறகு.

குறிப்பில் “வலது டிஜே ஸ்டென்ட்” என்று இருக்கிறது சிஸ்டர். எடுக்கும் தேதி எழுதவில்லை. நாளைக் காலை யூனிட்டுக்குப் போன் போட்டுக் கேட்டு, அவர் நோட்டின் முதல் பக்கத்திலும் எங்கள் ரெஜிஸ்டரிலும் சிவப்பு மையில் எழுதிவைக்கிறேன்.